செம்மணல் ஒட்டாத காய்கள்

மார்ச் 4, திங்கள்

நாப்தலீன் உருண்டை ஒருவழியாக வந்து சேர்ந்தது. பதினோரு அலமாரிக்கும் தட்டுத் தட்டாகப் போட்டு முடித்தேன். பதினோராவதில் அடித்தட்டு மட்டும் பாக்கி; குனிய இடுப்பு ஒத்துழைக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தங்கை சுகிர்தம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏக்கா, உன்னயப் புதைச்சா நூறு வருசத்துக்குப் பூச்சி அரிக்காது" என்றாள். அவள் புருஷனை இழந்தவள், நான் கல்யாணமே செய்துகொள்ளாதவள். பாளையங்கோட்டையில் இந்தச் சின்ன வீட்டில் ஒருத்தியை ஒருத்தி கடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறோம்.

மே மாதத்தோடு எனக்கு ஓய்வு. கல்லூரி ஹெர்பேரியத்தில் முப்பத்து நான்கு வருடம் உதவியாளராக இருந்துவிட்டேன். காட்டிலிருந்து வரும் செடியை அழுத்தி, உலர்த்தி, தாளில் வைத்துத் தைத்து, பெயர்ச்சீட்டு ஒட்டி அடுக்குவது என் வேலை. கடைசி மூன்று மாதத்தையாவது எழுதி வைக்கலாமென்று இந்த டைரியைத் தொடங்கியிருக்கிறேன்.

இன்று ஒரு கடிதம் வந்தது. திருச்சியிலிருந்து நஸீமா பர்வீன் என்று ஓர் ஆய்வாளர். தென்னாட்டுக் கிலுகிலுப்பைச் செடிகள் அத்தனையையும் முதலிலிருந்து மறுபடி வகைப்படுத்துகிறாராம். எங்கள் 417-ஆம் தாளைப் பார்க்க ஏப்ரல் 8-ஆம் தேதி வருகிறார்.

வரட்டும். பார்க்கத்தானே தாள் இருக்கிறது.

மார்ச் 5

ஆறாம் அலமாரிப் பூட்டு இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் விட வேண்டும்.

மார்ச் 7, வியாழன்

பூட்டு திறந்துவிட்டது. 417-ஐ எடுத்துத் தூசி தட்டினேன்.

சிவப்பு உறைக்குள் இருக்கும் தாள் அது. ஒரு செடிக்கு முதன்முதலாகப் பெயர் வைக்கும்போது எந்தத் தாளைப் பார்த்து வைத்தார்களோ, அதை மூலத்தாள் என்போம். உலகத்தில் யாருக்கு எந்தச் சந்தேகம் வந்தாலும் அந்தத் தாளிடம்தான் வந்து நிற்க வேண்டும். எங்கள் ஹெர்பேரியத்தில் மொத்தம் நாலாயிரத்துச் சொச்சம் தாள். அதில் சிவப்பு உறை இது ஒன்றுக்குத்தான்.

1995 ஜனவரியில் துரைப்பழம் சாரோடு குதிரைமொழித் தேரிக்குப் போயிருந்தோம். சார் அப்போது தாவரவியல் பேராசிரியர். தேரி என்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணல் மேடு, நடுவே பனையும் உடைமரமும். அழுத்துபலகையைத் தலையில் சுமந்துகொண்டு நடந்த நான் எதையோ மிதித்துவிட்டேன், காலுக்கடியில் கிலுகிலுவென்றது. பார்த்தால் மணலோடு மணலாகப் படர்ந்த ஒரு குட்டைச் செடி, சாண் உயரம்கூட இல்லை. மஞ்சள் பூ. உப்பிய காய்க்குள் விதை உருண்டு சத்தம் போட்டது. சார் மண்டியிட்டு உட்கார்ந்து அரைமணி நேரம் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் ஊர் வந்து, உலர்த்தி, புத்தகமெல்லாம் பார்த்து, இது புது இனம் என்று சார் முடிவு கட்டினார். இலையும் படர்ச்சியும் பழைய தேரிக் கிலுகிலுப்பையைப் போலவே இருக்கிறது, ஆனால் காய் முழுக்க ரோமம் அடர்ந்திருக்கிறது, இந்தச் சேர்மானம் வேறெங்கும் கிடையாது என்றார். என்ன பெயர் வைக்க என்று எல்லாரும் கேட்டபோது, "மிதிச்சவ பேருதான்" என்று சொல்லிவிட்டார். லத்தீனில் என் பெயருக்கு ஒரு வால் சேர்த்து, குரோட்டலேரியா கிருபையே. சுகிர்தத்துக்கு அன்றும் இன்றும் சிரிப்பு. "சபையில ஜெபம் பண்ணுத மாதிரில்லா இருக்கு!"

சிரிக்கட்டும். ப்ளஸ் டூ படித்த உதவியாளர் பெயரில் செடி இருக்கிற கல்லூரி இந்த ஜில்லாவில் வேறு எது?

தாளின் மூலையில் ஒரு சின்னக் காகித உறை ஒட்டியிருக்கும். உதிர்ந்த காய், பூவெல்லாம் அதற்குள். அதை இன்று திறக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். ஏப்ரல் 26-ஆம் தேதி எனக்குப் பிரிவு உபசார விழாவாம். மேடைக்குப் பின்னால் பேனரில் அந்தச் செடியைப் பெரிதாகப் போட்டு, "செடிக்குப் பெயர் தந்த அம்மையார்" என்று அச்சடிக்கப் போகிறார்கள்.

"எதுக்கு சார் அதெல்லாம்?" என்றேன்.

"நம்ம காலேஜுக்கே பெருமைல்லாம்மா! துரைப்பழம் சாரையும் கூட்டிட்டு வருவோம். எம்பத்தி ரெண்டு வயசாச்சு, இனிமே எப்ப வருவாவ?"

தாளைப் பார்க்க ஒருவர் வருகிறார் என்று சொன்னேன். "வரட்டும், வரட்டும். அதையும் விழாவுல சொல்லிருவோம்" என்று சந்தோஷப்பட்டார். நல்ல மனுஷன். வேதியியல்காரர்.

மார்ச் 17, ஞாயிறு

நாசரேத்தில் சுகிர்தத்தின் கொழுந்தன் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நானம். முடிந்ததும் இவ்வளவு தூரம் வந்தாயிற்றே என்று ஒரு ஆட்டோ பிடித்துத் தேரிக்குப் போய்வந்தேன். வேறு காரணம் ஒன்றுமில்லை. காற்றாடப் போனேன்.

போன டிசம்பரில் பெய்த பேய்மழைக்கு அப்புறம் தேரி பச்சைப் பசேலென்று இருந்தது. கிலுகிலுப்பை ஏராளம். பூ ஓய்ந்து, காய் முற்றி, காற்றடிக்கும் பக்கமெல்லாம் கிலுகிலுத்துக்கொண்டிருந்தது. புடவையைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் குனிந்து குனிந்து பார்த்தேன். இடுப்பு வலி எங்கே போனதோ தெரியவில்லை. எல்லாம் வழுவழுப்பான காய். ஒன்றில்கூட ரோமம் இல்லை. ஒவ்வொரு காயிலும் அடிப்பக்கம் செம்மணல் ஒட்டியிருந்தது. வழுக்கைக் காயிலேயே இப்படி ஒட்டினால், ரோமம் இருந்திருந்தால் எவ்வளவு ஒட்டும்.

ஆட்டோக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எக்கா, தோடு கீடு தொலைச்சிட்டியளா?" என்றார்.

"ஆமாய்யா" என்றேன். "ரொம்ப நாளைக்கு முன்னாடி."

மார்ச் 18

கைப்பைக்குள் கொஞ்சம் செம்மணல். செருப்போடு வந்திருக்கும்.

மார்ச் 20, புதன்

செருப்பைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு யாரும் ஆட்டோவில் வரமாட்டார்கள். என் டைரியிலேயே எனக்கு என்ன பயம்? எழுதுகிறேன்.

1995-இல், அந்தத் தேரிப் பயணத்தின் திரும்பு வழியில் வல்லநாட்டு மலையிலும் ஒரு கிலுகிலுப்பை பறித்தோம். அது நிமிர்ந்து வளரும் சாதாரணச் செடி, காயெல்லாம் ரோமம். தேரிச் செடிக்கு எண் 417, மலைச் செடிக்கு 418. பத்து நாள் தினமும் செய்தித்தாள் மாற்றி உலர்த்தினேன். ஹெர்பேரியத்தில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம் ஒன்றுண்டு. காய் உறையைத் திறக்கும் முன் ஃபேனை நிறுத்து. அன்றைக்குக் கரண்ட் இல்லை. நின்றிருக்கிற ஃபேனை நிறுத்துவானேன் என்று சுவிட்சைப் பார்க்கவில்லை. இரண்டு உறையும் மேசைமேல் திறந்திருந்தபோது கரண்ட் வந்துவிட்டது.

காயெல்லாம் தரையில். பொறுக்கி, எது எந்த உறைக்கு என்று பார்த்துத்தான் போட்டேன். பார்த்ததாக நினைத்துப் போட்டேன் என்பதுதான் சரி. சாரிடம் சொல்லவில்லை, திட்டுவார் என்று. சார் 417 உறையைத் திறந்தார், ரோமக் காயைப் பார்த்தார், புது இனம் என்றார்.

மறு வருஷம் சாரின் கட்டுரை அச்சாகி வந்தது. என் பெயர் அதில் இருந்தது. சம்பளச் சீட்டைத் தவிர என் பெயரை நான் அச்சில் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்று வாரம் கழித்து வேறெதற்கோ 418 உறையைத் திறந்தேன். உள்ளே வழுவழுப்பான காய். அதில் செம்மணல். வல்லநாட்டுப் பாறையில் செம்மணல் ஏது?

உடனே 417 உறையைத் திறந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ரோமத்துக்கிடையில் ஒரு செம்மணல்கூட இல்லை. வெள்ளைப் பாறைத்தூள் மட்டும் இருந்தது.

ஆகவே அப்படி ஒரு செடியே உலகத்தில் கிடையாது. 417, இருநூறு வருஷத்துக்கு முன் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பெயர் வைத்துவிட்டுப் போன பழைய தேரிக் கிலுகிலுப்பைதான். காய் மட்டும் பக்கத்து வீட்டுக்காரியுடையது.

418-ஐ எடுத்துப் பெயர் தெரியாதவை கட்டுக்குள், பதினோராம் அலமாரி அடித்தட்டில் சொருகினேன். இருபத்தெட்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறது. இடையில் எத்தனையோ பேர் தேரிக்குப் போய்த் தேடி, கிடைக்காமல், "அரிய இனம், அழிந்திருக்கலாம்" என்று பட்டியலில் எழுதிவிட்டார்கள். பிறக்காத பிள்ளைக்குச் சாவுச் செய்தி.

மார்ச் 22, வெள்ளி

செய்துவிட்டேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனபோது. ஒரு சிட்டிகைதான்.

மார்ச் 23, சனி

விடுமுறை. தாளுக்குப் பூச்சி மருந்து அடிக்க வேண்டும் என்று சொல்லிக் காவல்காரரிடம் சாவி வாங்கினேன்.

காலை ஒன்பதிலிருந்து மூன்று மணி வரை மைக்ராஸ்கோப்பின் கீழ் ஊசிமுனையால் ஒவ்வொரு மணலாக எடுத்தேன். போடும்போது ஒரு நொடி. எடுக்க ஆறு மணி நேரம். ஃபேனை நிறுத்திவிட்டேன், வியர்வை தாளில் விழக்கூடாதென்று நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டேன். யாராவது பார்த்திருந்தால் பிரசவம் பார்க்கிறவள் என்று நினைத்திருப்பார்கள்.

வெட்கமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம்தான் அதிகம். உறையை முன்பு இருந்தபடியே ஆக்கிவிட்டேன். அந்த அம்மாள் வந்து தானே பார்த்துக்கொள்ளட்டும். கண்ணிருந்தால் தெரியும். நான் மறைக்கவும் வேண்டாம், சொல்லவும் வேண்டாம்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

மும்மணி ஆராதனை. சபை ஐயர், பேதுரு இயேசுவை மறுதலித்ததைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். வழக்கம்போல நீளம்.

ஏப்ரல் 2, செவ்வாய்

பெருமாள்புரத்தில் துரைப்பழம் சார் வீட்டுக்குப் போனேன். மகன் வீட்டில் முன்னறையில் சாய்வு நாற்காலி. கண்புரை ஆபரேஷன் ஒரு கண்ணுக்குத்தான் ஆகியிருக்கிறது. பக்கத்து ஸ்டூலில் அந்தப் பழைய லென்ஸ், கறுப்புக் கயிறோடு.

விழாவைப் பற்றி, வெயிலைப் பற்றி, சாரின் மறைந்த மனைவி அன்னாள் அக்காவின் பொரிவிளங்காய் உருண்டையைப் பற்றியெல்லாம் பேசிவிட்டு, எழுந்திருக்கும்போது சொன்னேன். கரண்ட் வந்தது, ஃபேன் சுற்றியது, உறை மாறியது எல்லாவற்றையும். செம்மணல் போட்டதை மட்டும் சொல்லவில்லை.

சார் லென்ஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எப்ப தெரியும் உனக்கு?" என்றார்.

"தொண்ணூத்தாறுல, சார்."

"அப்ப என்கிட்ட சொல்லியிருந்தா ஒரு மறுப்புக் குறிப்பு எழுதி முடிச்சிருப்பேன். அம்பத்தி நாலு வயசு எனக்கு. இன்னும் பத்துச் செடி கண்டுபிடிச்சிருப்பேன். இப்ப சொல்லுதியே." லென்ஸ் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டார். "நான் மட்டும் என்ன ஒழுங்கு? மூணு தரம் தேரிக்குப் போனேன். ஒரு செடியில ரோமக்காய் இல்ல. மாசம் தப்பிப் போயிட்டேன், மழை தப்பிப் போயிட்டுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். என் பேரும் ஒரே ஒரு செடிக்குப் பின்னாடிதான இருக்கு."

அவருக்கும் சந்தேகம் இருந்தது எனக்கு இன்றுதான் தெரியும். இருபத்தெட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே தாளுக்கு இரண்டு பக்கமும் காவல் நின்றிருக்கிறோம்.

"அந்தப் பிள்ள வரட்டும், பாக்கட்டும். நீ வாயத் தொறக்காத" என்றார் சார். "போயிட்டு வா."

அவர் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

ஏப்ரல் 8, திங்கள்

நஸீமா பர்வீன் வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும், ஒல்லி, தோளில் கனமான பை. டீ வாங்கி வரச் சொன்னேன். "நோன்பு மேடம். பெருநாளுக்கு முன்னாடி முடிச்சிட்டு ஊருக்குப் போயிடலாம்னுதான் இப்பவே வந்தேன்" என்றார். எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

பெயரைச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்தக் கிருபை! அந்தக் காலத்து யாரோ பாதிரியார் வீட்டம்மான்னு நெனச்சிட்டு இருந்தேன் மேடம்."

முப்பத்து நான்கு வருஷத்தில் என்னை மேடம் என்று கூப்பிட்ட முதல் ஆள். எல்லாருக்கும் நான் கிருபைக்காதான்.

ஃபேனை நிறுத்தினேன். 417-ஐ எடுத்துக் கொடுத்தேன். இலையை அளந்தார், பூவை அளந்தார், எல்லாம் பழைய இனம்போலவே இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். பிறகு உறையைத் திறந்து காயை மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நான் துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், உண்மையச் சொல்லிடுறேன். இந்தப் பேரை எடுத்துடலாம்னுதான் வந்தேன். மூணு வருஷமா சீசன் தவறாம தேரிக்கு வந்து தேடுறேன், ஒரு ரோமக்காய்கூட கெடைக்கல. ஒரு தடவை வெயில்ல மயங்கி விழுந்துட்டேன். உறை மாறியிருக்கும்னு எனக்குச் சந்தேகம். ஆனா இங்க பாருங்க."

பார்த்தேன். ரோமத்தின் அடியில், காம்போடு ஒட்டி, இரண்டு செம்மணல். என் ஊசிக்குத் தப்பிய இரண்டு.

"இது தேரிக் காய்தான். வேற எங்க இருந்து வரும் இந்த மணல்? நான்தான் சரியாத் தேடல. உங்க பேரு நிக்குது மேடம்!" என்று சிரித்தார். நோன்பு முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

நான் மேசை துடைத்த துணியை மடித்து வைத்தேன். சாருக்கு அவரே போன் போட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் சார், "நின்னுட்டுல்லா? நின்னுட்டுல்லா?" என்று சின்னப்பிள்ளைபோலக் கேட்டது எனக்கும் கேட்டது. பாவம், மணல் எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது.

சுகிர்தம் கேசரி கிண்டினாள். நான் சாப்பிடவில்லை. "பல்லு வலியா?" என்றாள். ஆமென்றேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காலையில் பதினோராம் அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து அடித்தட்டிலிருந்து 418-ஐ எடுத்தேன். ஓரத்தை லேசாகப் பூச்சி அரித்திருந்தது. நாப்தலீன் போடாத என் பிழை.

நஸீமா வந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 418 உறையைத் திறந்து காட்டினேன். வழுவழுத்த காய், செம்மணல். அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முகம் மாறிவிட்டது.

"அப்ப அந்த ரெண்டு மணல்?"

"நான் போட்டது. போன மாசம். மறுநா உக்காந்து எடுத்துட்டேன். அது ரெண்டும் தப்பிட்டு."

"மூலத்தாள்ல கை வச்சீங்களா!" என்று எழுந்துவிட்டார். வராண்டாவுக்குப் போய்த் தூணில் சாய்ந்து நின்றார். நான் உள்ளே நின்றேன். ஹெர்பேரியத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது என்று எனக்குத் தெரியாதா? வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நானே நூறு தடவை சொல்லியிருக்கிறேன்.

திரும்பி வந்து கேட்டார். "ஏன் சொன்னீங்க? நேத்தே முடிஞ்சு போச்சே. நான் இன்னைக்கு ஊருக்குப் போயிருப்பேன். உங்க பேரும் நின்னிருக்கும்."

"நீங்க மூணு வருசம் தேடுனேன்னு சொன்னிய. மயங்கி விழுந்தேன்னு சொன்னிய. உங்களுக்கு முன்னாடி எத்தன பேரு தேடுனாவன்னு எனக்குத் தெரியும். இனிமே வாரவளும் தேடுவா. இல்லாத செடிய."

இதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவர் என் தோளைத் தொடவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெள்ளைச் சீட்டை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

சீட்டு வழக்கத்தை எழுத விட்டுவிட்டேன். தாளில் ஒட்டிய பெயர் தப்பென்றாலும் அதைக் கிழிக்கக் கூடாது, அடிக்கவும் கூடாது. பக்கத்தில் புதுச் சீட்டில் சரியான பெயரை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு ஒட்ட வேண்டும். ஒத்துக்கொள்கிறவர்கள் கீழே "சரி" என்று எழுதிக் கையெழுத்திடலாம். பெரிய பெரிய ஆட்கள் எழுதிய சீட்டு ஆயிரக்கணக்கில் நான் பசை தடவி ஒட்டியிருக்கிறேன்.

"நீங்க எழுதுங்க" என்றார் நஸீமா.

"நானா? நான் அசிஸ்டென்ட்டு. ஒட்டுதது மட்டுந்தான் என் வேல."

"கண்டுபிடிச்சவங்கதான் எழுதணும். இதைக் கண்டுபிடிச்சது நீங்க. மறைச்சதும் நீங்கதான். ரெண்டையும் எழுதுங்க."

அழியாத கறுப்பு மையில் எழுதினேன். பழைய இனத்தின் லத்தீன் பெயரை அவர் எழுத்தெழுத்தாகச் சொல்ல எழுதி, அதற்குக் கீழே: "உறையில் உள்ள காய்கள் இச்செடியுடையவை அல்ல, 418-ஐச் சேர்ந்தவை. 1995-இல் மாறியது. 22.3.2024 அன்று உறையில் செம்மணல் சேர்த்தேன், மறுநாள் எடுத்தேன், இரண்டு மணல் மிச்சம். தே. கிருபை." அடித்தல் திருத்தல் ஒன்றும் இல்லை. எனக்கே ஆச்சரியம்.

கிளம்பும்போது, "பேரு அழியாது மேடம். ஒரு தடவை அச்சுல வந்த பேரை யாராலும் எடுக்க முடியாது. இனிமே பழைய பேருக்குக் கீழ, சின்ன எழுத்துல இருக்கும்" என்றார் நஸீமா. மேடம் என்றுதான் சொன்னார்.

வீட்டில் சுகிர்தத்திடம் முழுக்கதையும் சொன்னேன். "மேல இருந்தா என்ன, கீழ இருந்தா என்ன? நேத்துக் கேசரிய இப்பவாவது தின்னு" என்றாள். தின்றேன்.

ஏப்ரல் 10

சாருக்குப் போன் போட்டுச் சொன்னேன், மணல் உட்பட. பதில் பேசாமல் வைத்துவிட்டார்.

ஏப்ரல் 12

முதல்வரிடம் சொன்னேன். தலையில் கை வைத்தார். "பேனர் அடிச்சாச்சேம்மா" என்றார். பிறகு நம்பிக்கையோடு, "எப்படியும் உங்க பேரு அந்தச் செடிக்கு இருக்குல்லா?" என்றார்.

"இருக்கு சார். கீழ இருக்கு."

"அப்ப சரி" என்றார். விசாரணைக் கடிதம் எதுவும் வருமோ என்று பயந்திருந்தேன். விளக்கம் எழுதித் தரச் சொன்னார், எழுதித் தந்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

தேர்தல். எங்கள் கல்லூரிதான் வாக்குச்சாவடி. முதியோர் வரிசையில் சார், மகன் கையைப் பிடித்துக்கொண்டு. நான் அடுத்த வரிசையில் நாலடி தூரத்தில் நின்றேன். "சார்" என்று கூப்பிட்டேன். காது நன்றாகவே கேட்கும் அவருக்கு. திரும்பவில்லை.

ஏப்ரல் 26, வெள்ளி

விழா நடந்தது. பேனரில் செடி என்னைவிட உயரம். நேரில் என் கணுக்கால்கூட வராது. சார் வரவில்லை. சாருக்குப் போட்ட நாற்காலியில் மாலைத் தட்டை வைத்தார்கள்.

பேசச் சொன்னார்கள். முப்பத்து நான்கு வருஷத்தில் நான் மைக் பிடித்தது கிடையாது. "இந்த பேனர்ல இருக்கிற பேரு இனிமே இந்தச் செடிக்குக் கிடையாது. தப்பு என்னோடது. உறையைத் தொறக்கதுக்கு முன்னாடி ஃபேன நிறுத்துங்க, கரண்ட் இல்லன்னாலும் நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். பிள்ளைகள் புரிந்தோ புரியாமலோ கைதட்டினார்கள்.

சால்வையோடு ஹெர்பேரியத்துக்குத் திரும்பினால், வாசலில் பெஞ்சில் சார் உட்கார்ந்திருந்தார். மகன் காரில் இருந்தான்.

"விழாவுக்கு வரல. தாளப் பாக்க வந்தேன்" என்றார்.

ஃபேனை நிறுத்திவிட்டு, ஆறாம் அலமாரியைத் திறந்து 417-ஐ மேசைமேல் வைத்தேன். லென்ஸை நல்ல கண்ணுக்கு வைத்துக்கொண்டு, மூக்கு தாளில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து படித்தார். முதலில் தன் பழைய சீட்டை. பிறகு அதன் பக்கத்தில் என் சீட்டை. வரிவரியாகப் படித்தார். மணல் பற்றிய வரியில் வெகுநேரம் நின்றார். நான் திட்டுக்குக் காத்திருந்தேன்.

"எளா, இதெல்லாமா எழுதுவா ஒருத்தி!" என்றார். பிறகு, "பேனா குடு."

கொடுத்தேன். தேர்தல் மை இன்னும் போகாத இடது விரலால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, என் கையெழுத்துக்குக் கீழே, கோணல்மாணலாக, ரொம்ப நேரம் எடுத்து எழுதினார். "சரி. து. 26.4.2024."

மை காயக் காத்திருந்தோம். வெயில் கொதித்தது, வியர்த்து வழிந்தது. காய்ந்துவிட்டதா என்று விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப ஃபேனப் போடு" என்றார் சார்.